வாத்து இல்லை, அன்னம்

போகிக்கு முந்தின நாள். அம்மா கோலமாவும் மஞ்சள் கொத்தும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாங்க. ஹாலில் இருக்கும் ஷோகேஸைத் துடைத்து அடுக்குவது என் வேலை. ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வருகிற பையனுக்கு வீட்டில் கிடைக்கிற முதல் மரியாதை இதுதான், உங்களுக்கே தெரியும். காதில் இயர்போன், கையில் ஈரத்துணி. மேல்தட்டில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தேன். இயர்போன் வயர் எதிலோ மாட்டி இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். சின்ன சத்தம்தான். ஆனால் அது என்ன சத்தம் என்று மூளைக்கு முன்னாடி வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது.

உடைந்தது அன்னம்.

அன்னம் என்று சொன்னது தாத்தா மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அது வாத்து. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பீங்கான் பொம்மை. வளைந்த கழுத்து, ஆரஞ்சு மூக்கு, இரண்டு பக்கமும் லேசாகத் தூக்கிய இறக்கை. அம்மாவோட அப்பா விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தவர். அந்த ஊரில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கில் இருந்து சாமி பொம்மை வரை அங்கே செய்வார்கள். ஒரு வருஷம் மாசி மகத் திருவிழாக் கடையில் எட்டு ரூபாய் கொடுத்து இதை வாங்கினாராம். யாராவது வாத்து என்று சொன்னால், “கழுத்தைப் பாருய்யா. வாத்துக்கு இப்படிக் கழுத்து இருக்குமா? இது அன்னம்” என்பாராம்.

அம்மா கல்யாணமாகி விழுப்புரம் வந்தபோது பொம்மையும் கூடவே வந்தது. தாத்தா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. குவார்ட்டர்ஸ் போச்சு, அவருடைய சைக்கிள் போச்சு. அவர் கையால் வாங்கினதில் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

குனிந்து எண்ணினேன். ஏழு துண்டு. தலையும் மேல் கழுத்தும் சேர்ந்து ஒன்று, இடது இறக்கை ஒன்று, இறக்கையின் நுனி ஒன்று, உடம்பு, அடிப்பாகம் இரண்டாக, பேர் சொல்ல முடியாத ஒரு முக்கோணச் சில்லு. கொஞ்சம் தூள். எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில் போட்டு என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அம்மா வந்ததும், “ஷோகேஸ் முழுசா நானே அடுக்கிடுறேம்மா, நீங்க கை வைக்காதீங்க” என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. “இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாங்க.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு பொருளைப் பைக்குள் வைத்து ஜிப் போடுவது எனக்குப் புதுசு இல்லை. ஆகஸ்டில் இருந்து என்னிடம் ஒரு அரியர் இருந்தது. ஐந்து மாசம். வீட்டில் சொல்லவில்லை. நவம்பரில் திரும்ப எழுதிவிட்டேன், பாஸ் ஆனால் ஆகட்டும், யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. இதில் காமெடி என்ன என்றால், போன பேப்பர் இன்ஜினியரிங் மெட்டீரியல்ஸ். அதில் நாலாவது யூனிட் செராமிக்ஸ்.

*

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கினதும் ஆபரேஷன் ஆரம்பித்தது. கூட்டாளி தங்கச்சி, ஒன்பதாம் வகுப்பு. அவள் வாயை அடைக்க ஒரு பிரியாணி ஒப்பந்தம் ஆனது.

முதல் தப்பு, சூப்பர் க்ளூ. டேபிள் டிராயரில் பாதி ட்யூப் கிடந்தது. இது சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவர் வேறு எதையோ தேடும்போது தட்டுப்பட்ட பொருள். கண்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற ஈரம் பட்டதும் சில நொடியில் இறுகிவிடும். அந்த வேகம்தான் எனக்குப் பிரச்சினை. அடிப்பாகத்தின் இரண்டு துண்டையும் சேர்த்தேன். அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. நகர்த்தலாம் என்று பார்த்தால் அதற்குள் கல் மாதிரி ஆகிவிட்டது. அரை மில்லிமீட்டர் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு துண்டு அரை மில்லி தள்ளி இருந்தால் அடுத்தது அதற்கேற்ப ஒரு மில்லி தள்ளும். கடைசித் துண்டுக்கு இடமே இருக்காது. சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு படலம் வேறு. என் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிவிட்டன.

“அண்ணா, இப்ப நீதான் உடைஞ்ச பொம்மை மாதிரி இருக்க” என்றாள் தங்கச்சி.

பிறகு உருப்படியாக ஒரு காரியம் செய்தாள். நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து வந்தாள். அசிட்டோன் இருக்கிற ரிமூவர் சூப்பர் க்ளூவைக் கரைக்கும். பஞ்சில் நனைத்து இணைப்பின் மேல் வைத்து, மேலே ஒரு சின்ன பாலிதீன் துண்டைச் சுற்றினோம், சீக்கிரம் ஆவியாகிவிடக் கூடாது என்று. ஜன்னலைத் திறந்து வைத்தோம். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பஞ்சை மாற்றினோம். ஒரு மணி நேரம் ஆனது. துண்டுகள் பிரிந்தன. விரல் தனியாக சோப்புத் தண்ணீரில் பிரிந்தது.

மற்ற துண்டுகளையும் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தேன். உடைந்த முகத்தில் கைவிரல் எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. அப்படிக் கழுத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்.

கழுத்தின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில், சுற்றிலும் மஞ்சளாக ஒரு கோடு. நூல் தடிமன். இப்போது உடைந்த இடம் அது இல்லை. இப்போது உடைந்தது அதற்கு மூன்று மில்லிமீட்டர் மேலே. போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கோட்டின் ஒரு பக்கத்தில் மஞ்சள் பசை வழிந்து காய்ந்திருந்தது. அந்த வழிசலில் பாதி ரேகை. யாரோ பசை காயும் முன்னால் விரலை வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த விரல் ரொம்பச் சின்னது. தங்கச்சி தன் விரலை வைத்தாள். அவள் விரலை விடவும் சின்னது.

எங்கள் ஷோகேஸில் அந்த வாத்து எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கும், இடது பக்கம். வேறு மாதிரி வைத்தால் அம்மா திருப்பி வைத்துவிடுவாங்க. ரேகை இருந்த பக்கம், சுவரைப் பார்த்த பக்கம்.

*

தூக்கம் வரவில்லை. மெட்டீரியல்ஸ் புத்தகத்தை எடுத்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை, அரியருக்கு ஒரு தடவை படித்த அதே பக்கம்தான். இப்போது வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருந்தது.

இரும்புக் கம்பியை வளைத்தால் வளைகிறது. உள்ளே அணுக்களின் வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கின்றன. செராமிக்கில் அணுக்களுக்கு இடையே இருக்கிற பிணைப்பு அப்படி வழுக்க விடாது. வளைய முடியாதது உடைகிறது. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. 1920இல் கிரிஃபித் என்பவர் கண்ணாடியை வைத்துக் காட்டியது இதைத்தான்: இந்த மாதிரிப் பொருள்களுக்குள்ளே ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன. இழுவிசை வரும்போது அதெல்லாம் அந்த விரிசலின் முனையில் போய்க் குவிகிறது. ஒரு அளவு தாண்டினதும் விரிசல் ஓட ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு நிற்காது. அந்த ‘டிங்’ அதுதான்.

அப்படியென்றால் பழைய ஒட்டு ஏன் விடவில்லை? ஏன் அதற்கு மேலே உடைந்தது? நன்றாகப் பிடித்த எபாக்சி, சாதாரணப் பீங்கானை விட இழுவிசையைக் கூடுதலாகத் தாங்கும். முதல் தடவை உடைந்தபோதே பக்கத்தில் இன்னொரு நுண்விரிசல் ஓடிப் பாதியில் நின்றிருக்கலாம். ஒட்டு உறுதியாக இருந்ததால் இந்தத் தடவை விசை போய் அதன் பக்கத்து வீட்டைத் தட்டியிருக்கிறது.

மியூசியத்தில் பழைய பொருள்களைச் சரிசெய்கிறவர்கள் இதனாலேயே பொருளை விட வலுவான பசையை விரும்புவதில்லையாம். பாராலாய்ட் பி-72 என்று ஒரு அக்ரிலிக் ரெசின் நிறையப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை வருஷம் கழித்தும் அசிட்டோன் வைத்தால் கரைந்துவிடும். மறுபடி விழுந்தால் ஒட்டு விடட்டும், பொருள் புதுசாக உடைய வேண்டாம். பிரிக்க வேண்டி வந்தால் அடுத்த ஆளால் பிரிக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் அவர்களுடைய ரூல்.

டிபார்ட்மென்ட் குரூப்பில் போட்டோ போட்டேன். இரண்டு மணிக்கு ஒருத்தன் பதில் போட்டான்: “மச்சான், கின்ட்சுகி பண்ணு. தங்கக் கோடு. ஸ்டேட்டஸ் வைக்கலாம்.” அதையும் தேடிப் படித்தேன். ஜப்பானில் அதைச் செய்வது உருஷி என்ற மரப்பாலில். அது ஈரமான காற்றில்தான் இறுகும். ஒரு சாமானை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பச்சையாகத் தோலில் பட்டால் அரிப்புக் கிளம்பும். கிட் என்று ஆன்லைனில் விற்கிறதில் பெரும்பாலானவை எபாக்சியும் தங்க நிறத் தூளும்தான். அது கிடக்கட்டும். இதில் முதல் கோடு போட்டது வேறு ஒருத்தர். அதன் மேல் நான் தங்கம் பூசினால், அவங்களைக் கேட்காமல் அவங்க ரகசியத்துக்கு லைட் போட்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

*

போகி காலையில் ஹார்டுவேர் கடையில் எபாக்சி வாங்கினேன். ரெசின் ஒரு ட்யூப், ஹார்ட்னர் ஒரு ட்யூப். ஐந்து நிமிஷத்தில் காய்கிறது வேண்டாம், மெதுவாகக் காய்கிறது கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். சரியாக உட்கார வைக்க நேரம் வேண்டும். சூப்பர் க்ளூ கற்றுக்கொடுத்த பாடம்.

ஆனால் ஒட்டவில்லை. டப்பாவைத் திறப்பதும் அந்த ரேகையைப் பார்ப்பதும் மூடுவதுமாகவே பகல் போனது. சாயங்காலம் அம்மா அடுப்படியில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாங்க. துண்டுகளை ஒரு தட்டில் வைத்து அப்படியே எடுத்துப்போய் முன்னால் வைத்தேன்.

“அம்மா, நான்தான் உடைச்சேன். நேத்து.”

அம்மா தட்டைப் பார்த்தாங்க. கத்தியைக் கீழே வைத்தாங்க. திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கழுத்துத் துண்டை எடுத்து, திருப்பி, மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தாங்க.

“இது தெரியுதா உனக்கு?”

“தெரியுது. யாரும்மா?”

“நான்தான்.”

நாலாவது படிக்கும்போது, ஃப்ரெண்டுகளுக்குக் காட்ட வேண்டும் என்று தாத்தாவைக் கேட்காமல் பைக்குள் போட்டுப் பள்ளிக்கூடம் எடுத்துப்போயிருக்காங்க. திரும்பி வரும்போது சிலேட்டு இடித்துக் கழுத்து போய்விட்டது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அண்ணன் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் கெஞ்சி ஒரு சொட்டு அரால்டைட் வாங்கி, கொல்லையில் உட்கார்ந்து ஒட்டி, தாத்தா டியூட்டி முடிந்து வருவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிட்டாங்க, ஒட்டினது தெரியாமல் சுவர்ப் பக்கமாகத் திருப்பி.

“தாத்தா கண்டுபிடிக்கலையா?”

“இல்லடா. அவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன். அப்புறம் பெருசா ஆயிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? அவரு போற வரைக்கும் சொல்லல.”

எங்கள் ஊர்ப்பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆயா இப்போது விருத்தாசலத்தில் மாமா வீட்டில் இருக்கு. போகிக்குப் போன் பண்ண வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாங்க. நானே போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பேச்சுவாக்கில் அம்மாவே சொன்னாங்க: “அம்மா, அந்த அன்னம் இருக்குல்ல, அது அன்னிக்கே நான் உடைச்சதும்மா. அப்பாவுக்குத் தெரியாம ஒட்டி வெச்சேன்.”

ஆயா சிரித்தது. “ஏன் பாப்பா, உங்கப்பனுக்குத் தெரியாமலா? அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டாரு. கையில பிசுபிசுன்னு ஒட்டிச்சாம். நான் உன்னைக் கூப்பிடப் போனேன். வேணாம், புள்ள தானா வந்து சொல்லட்டும்னாரு.”

இந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“அப்புறம் அவரும் கேக்கல, நீயும் சொல்லல” என்றது ஆயா. “நான் மறந்தே போனேன்.”

போனை வைத்த பிறகு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. கரும்பை நறுக்கி முடித்தாங்க. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாங்க: “கல்யாணத்தப்ப துண்டுல சுத்திக் கொடுத்தாருடா. கொடுக்கும்போது, ‘கழுத்து பத்திரம் பாப்பா’ன்னாரு. எல்லாரும் சொல்ற மாதிரிதான் சொல்றாருன்னு நினைச்சேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க் கோலத்துக்கு வாசல் தெளிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

*

அந்த ராத்திரி அரியரைச் சொன்னேன்.

இதை இங்கே எழுதும்போது, அம்மா தலையைத் தடவிக் கொடுத்தாங்க, ‘இதுக்குப் போய் பயந்தியா’ என்றாங்க என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தது. அரியருக்காக இல்லை. “அஞ்சு மாசமா வாரா வாரம் போன்ல ‘நல்லா படிக்கிறேம்மா’ன்னு சொன்னியே, அது என்னடா?” என்று கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை. பொங்கல் அன்று காலையில் பொங்கல் பொங்கினபோது எல்லாரோடும் சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” சொன்னாங்க, என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா விஷயம் கேட்டு, “எழுதிட்டல்ல, விடு” என்றார். அதில் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. விட வேண்டியவங்க விடவில்லையே.

எதிர்வீட்டு அத்தை பொங்கல் கொடுக்க வந்தாங்க. டேபிள் மேல் இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, “உடைஞ்ச பொம்மை வீட்ல ஆகாது. நேத்து போகியிலேயே தூக்கிப் போட்டிருக்கலாமே?” என்றாங்க.

“அது சாமி பொம்மை இல்லக்கா. வெறும் வாத்து” என்றாங்க அம்மா. ஒரு நிமிஷம் கழித்து, “வாத்து இல்ல, அன்னம்” என்று திருத்தினாங்க.

அத்தை போனதும் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாங்க. “என்னமோ பசை வாங்கினியே. எடு.”

*

இனி வேலை. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு வாத்து உடையும். அதனால் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பசையே இல்லாமல் எல்லாத் துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் சின்னதாக டேப் ஒட்டி நம்பர் போட்டோம். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை முக்கியம். இறக்கையை ஒட்டிவிட்டு அந்த முக்கோணச் சில்லைச் செருகப் பார்த்தால் நுழையவே இல்லை. சில்லு முதலில், இறக்கை பிறகு என்றால் அழகாக உட்கார்ந்தது. பசை பட்ட பிறகு இது தெரிந்திருந்தால் முடிந்தது கதை.

உடைந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மெதுவாக உறிஞ்சிக்கொண்டது. உயர்ந்த சூட்டில் சுட்ட நல்ல போர்சலின் என்றால் தண்ணீர் அப்படியே முத்தாக நிற்கும். எங்களுடையது உறிஞ்சுகிற ரகம், எட்டு ரூபாய் அன்னம். அப்படிப்பட்டதைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். பொங்கல் வெயில் உதவி செய்தது.

ரெசினும் ஹார்ட்னரும் சம அளவு. கண் அளவு போதாது. ஹார்ட்னர் கூடினால் வலு கூடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடு ஒன்று பிணைகின்றன, மிஞ்சினது இறுகாமல் பிசுபிசுவென்று உள்ளேயே நிற்கும். பழைய ஏடிஎம் கார்டில் வைத்து இரண்டு நிமிஷம் பல்குச்சியால் கலந்தோம். ஒரே ஒரு முகத்தில், மெல்லிசாக, ஓரத்தை விட்டு உள்பக்கமாகத் தடவ வேண்டும். அழுத்தும்போது அது தானே ஓரத்துக்கு வரும். வழிந்ததைக் காயும் முன்னால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். இணைப்புக்குக் குறுக்காக டேப்பை இழுத்து ஒட்டினால் அதுவே கிளாம்ப். ஒரு தடவைக்கு ஒரு இணைப்பு, அவ்வளவுதான். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டினால் ஒன்று நகர்ந்து இன்னொன்றைக் கெடுக்கும்.

கழுத்துதான் கஷ்டம். தலை கனம், இணைப்பு சின்னது, டேப் சுற்ற இடம் இல்லை. இங்கே அம்மா இன்ஜினியர் ஆனாங்க. ஒரு சட்டியில் பழைய அரிசியைக் கொட்டி, மேலே ஒரு பாலிதீன் கவரை விரித்து, வாத்து உடம்பை அதில் புதைத்து மெல்லச் சாய்த்தாங்க. தலை தன் கனத்திலேயே நேராக உட்காருகிற கோணம் ஒன்று இருக்குமே, அது வருகிற வரைக்கும் சாய்த்தாங்க. வந்ததும் கையை எடுத்தாங்க. தலை நின்றது. சென்டர் ஆஃப் கிராவிட்டி என்று முதல் வருஷம் நான் எழுதி மார்க் வாங்கினது. அம்மா அரிசிச் சட்டியில் செய்துவிட்டாங்க.

“பிடிச்சுக்கோ, நான் கவரைச் சரி பண்றேன்” என்றாங்க. இரண்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகளில் அது ஒன்று. ஒருத்தர் தலையைப் பிடிக்க, ஒருத்தர் அரிசியைத் தள்ள, பேசாமல் இருக்க முடியாது. வேலை அப்படிப்பட்டது.

காணும் பொங்கலுக்குள் எல்லா இணைப்பும் முடிந்தது. தூளாகப் போன இடங்களில் பள்ளம் இருந்தது. மிச்ச எபாக்சியில் டால்கம் பவுடரைக் குழைத்தால் வெள்ளைப் பட்டி மாதிரி கெட்டியாகிறது. அதை நிரப்பிக் காயவிட்டு, 600 நம்பர் உப்புத்தாளைச் சின்னதாக நறுக்கித் தேய்த்தோம், பட்டியின் மேல் மட்டும். பக்கத்தில் இருக்கிற கிளேஸ் மேல் பட்டால் கீறல் விழுந்து அந்தப் பளபளப்பு திரும்ப வராது. அக்ரிலிக் பெயின்ட்டில் வெள்ளையும் துளி மஞ்சளும் கலந்து தங்கச்சி நிறம் பிடித்தாள். ராத்திரி ட்யூப்லைட்டில் அச்சாகப் பொருந்தின நிறம் காலை வெயிலில் பார்த்தால் சாம்பலாக இருந்தது. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். திரும்ப ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கலந்தாள்.

ஹாஸ்டல் மக்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு உடைந்த டீ மக்கை ஒட்டாதீர்கள். சாதாரண எபாக்சி டீயின் சூட்டில் இளகும், உள்ளே போகிறதற்கு ஏற்றதும் இல்லை. பொம்மைக்கு மட்டும்.

பழைய மஞ்சள் கோட்டையும் சுரண்டி வெள்ளை அடித்துவிடலாமா என்று கேட்டேன். “அதுல கை வைக்காத” என்றாங்க அம்மா. அந்தப் பாதி ரேகை அப்படியே இருக்கிறது. மூன்று மில்லி மேலே என் கோடு. இப்போது என்னுடையது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எபாக்சி வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷங்களில் மஞ்சளாகும். ஒரு நாள் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். மியூசியம்காரர்கள் பார்த்தால் என்னைத் திட்டுவார்கள், எளிதில் பிரிக்க முடியாத பசையைப் போட்டதற்கு. பொங்கல் லீவில் விழுப்புரத்தில் பாராலாய்டுக்கு எங்கே போவது?

அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். இந்த மாதிரிப் பொம்மைகள் உள்ளே வெறுமையாக இருக்கும். திரவக் களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஓரத்தில் கொஞ்சம் இறுகினதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சூளையில் சுடும்போது உள்ளே இருக்கிற காற்று போக அடியில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு சின்ன சீட்டைச் சுருட்டி உள்ளே போட்டோம். அதில் மூன்று வரி. கழுத்து, கீழ்க்கோடு: அம்மா, நாலாவது படிக்கும்போது, அரால்டைட். கழுத்து மேல்கோடு, இறக்கை, அடி: நான், மூன்றாம் வருஷம், எபாக்சி. மூன்றாவது வரியைத் தங்கச்சி எழுதினாள்: அடுத்து உடைக்கிறவங்க வீட்ல சொல்லிடுங்க.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன்னால் அம்மா அதை ஷோகேஸில் வைத்தாங்க. பழக்கத்தில் இடது பக்கம் திருப்பினாங்க. நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திருப்பி வைத்தாங்க. மஞ்சள் கோடு இப்போது ஹாலைப் பார்க்கிறது.

பஸ் ஸ்டாண்டில் பையைக் கொடுக்கும்போது, “ரிசல்ட் எப்ப?” என்று கேட்டாங்க.

“மாசக் கடைசிம்மா.”

“எதுவா இருந்தாலும் அன்னிக்கே போன் பண்ணு.”

இதை எழுதும்போது ரிசல்ட் இன்னும் வரவில்லை. செராமிக்ஸில் ஒரு பதினாறு மார்க் கேள்வி கேட்டிருந்தார்கள், சுமாராகத்தான் எழுதினேன். இப்போது கேட்டால் நன்றாக எழுதுவேன்.